ஆண்டறிக்கை: பிள்ளைகளின் தியான வகுப்பு

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், சிரமதானமும் வாணி விழாவும் வழக்கம்போல் நடந்தன, ஆகவே இந்த முறை மாலை நேரத் தியான வகுப்பைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

அம்மாமார் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, திரும்பும் நேரத்தில்தான் வகுப்பு. பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டுவதில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளையால் அதற்கு மேல் உட்கார முடியாது, உட்காரவைக்கவும் கூடாது. சேமக்கலம் என்ற வெண்கல மணியை ஒருமுறை தட்டுவோம், ஓசை முழுதாக அடங்கியதும் கையைத் தூக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லாரும் அவசரப்பட்டுத் தூக்கினார்கள். சில கிழமை போனதும், பக்கத்துப் பிள்ளை கையைத் தூக்கிய பிறகும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒன்றிரண்டு பேரைப் பார்க்க முடிந்தது, எனக்கு அதுதான் இந்த ஆண்டின் பெரிய சந்தோஷம். அப்புறம் வயிற்றில் கை வைத்து மூச்சு ஏறி இறங்குவதைக் கவனிப்பது. அவ்வளவுதான்.

கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்துவதில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியதை மலையகத்தில் யார் மறப்பார்? அடைமழையில் கண்ணை மூடினால் பயம் கூடுகிற பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள், அவர்கள் தரையைப் பார்த்தபடி இருக்கலாம், எழுந்து வெளியேயும் போகலாம். குழப்படி செய்த பிள்ளையைத் தண்டனையாகத் தியானத்தில் இருத்துவதற்கும் இங்கே இடமில்லை.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் புள்ளி கூடுமா என்று பெற்றோர் பலர் கேட்டார்கள். கூடும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பிரித்தானியாவில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், பாடசாலையில் எல்லாருக்கும் பொதுவாக நடத்திய இத்தகைய வகுப்பு மனநலத்தில்கூட வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பழகிப் பார்க்கவும் இல்லையாம். அதனால்தான் பெற்றோரையும் கூட உட்காரக் கூப்பிடுகிறோம், விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதில்லை.

இது எந்தச் சமயம் என்ற கேள்வியும் வந்தது. மூச்சைக் கவனிப்பதைப் பௌத்தர்கள் ஆனாபானசதி என்பார்கள், மூச்சைப் பற்றித் திருமூலரும் பாடியிருக்கிறார். நமது வகுப்பில் மந்திரமும் இல்லை, பிரார்த்தனையும் இல்லை, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வரலாம்.

அடுத்த ஆண்டுக்குப் பாய்கள் வேண்டும், சிமெந்துத் தரை குளிரில் பிள்ளைகளால் இருக்க முடியவில்லை. வகுப்பு நடத்த இன்னும் இரண்டு அக்காமார் முன்வந்தால் சின்னவர்களையும் பெரியவர்களையும் பிரிக்கலாம். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்