கோட்டையா, ஊரா?

அன்புள்ள முரளி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவில் வேலை பரவாயில்லை, குளிர்தான் படுத்துகிறது.

ருஷ்ய வகுப்பில் 'கோரட்' என்றால் நகரம் என்று படித்தோமே, அது இங்கே 'கிராட்'. ஆனால் ஸ்லோவேனியர்களுக்கு கிராட் என்றால் மலைமேல் இருக்கும் கோட்டை. போன வாரம் ஆபீசில், செர்பியாவின் பெல்கிரேடிலிருந்து வந்திருக்கும் பெண் "வேலை முடிந்ததும் கிராடுக்குப் போகிறேன்" என்றாள், அவள் சொன்னது கடைத்தெருவை, பக்கத்தில் இருந்தவர் பதறிப்போய் "இந்த மழையிலா மேலே ஏறப் போகிறாய்?" என்றார். செக் மொழியிலும் 'ஹ்ராட்' கோட்டைதான். செர்பியாவிலும் பல்கேரியாவிலும் நகரம். பெல்கிரேட் என்பதே 'வெள்ளை நகரம்'தான்.

ஆதியில் அது சுற்றி அடைத்த இடத்தைக் குறித்த சொல். ருஷ்யாவில் வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கு 'அகரோட்' என்பதும் இதே வேர்தான். சில இடங்களில் மதிலுக்குள் இருந்த குடியிருப்பு வளர்ந்து ஊராகி, பெயரும் ஊரோடு போனது. சில இடங்களில் பெயர் மதிலோடே நின்றுவிட்டது. அங்கே ஊருக்கு வேறு சொல் வேண்டுமே, அதற்கு 'மெஸ்தோ' வந்தது. அந்த மெஸ்தோவுக்கு ருஷ்யனிடமும் செர்பியனிடமும் வெறும் 'இடம்' என்றுதான் பொருள்!

எனக்கு மனசு ஆறாதது லெனின்கிராட்தான். ருஷ்யர்கள் வாயில் வருவது கோரட். கிராட் என்பது சர்ச் ஸ்லாவோனிக் என்ற பழைய தேவாலய மொழி வழியாக வந்த வடிவம், காதுக்குக் கம்பீரமாக இருக்கும். 1914-ல் ஜெர்மனியோடு போர் மூண்டதும் பீட்டர்ஸ்பர்க் என்ற பெயரில் ஜெர்மன் வாடை அடிக்கிறது என்று பெத்ரோகிராட் ஆக்கினார்கள். 1924-ல் அதே ஊர் லெனின்கிராட் ஆனது, அடுத்த வருஷமே வோல்கா நதிக் கரையில் வேறொரு ஊர் ஸ்டாலின்கிராட் ஆனது. கோயில்களை இழுத்துப் பூட்டியவர்கள் தங்கள் தலைவர்களுக்குப் பெருமை சேர்க்கக் கோயில் மொழியின் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள், அது எனக்குச் சரியாகவே படவில்லை. 1961-ல் ஸ்டாலினை நீக்கி வோல்கோகிராட் என்றார்கள், 1991-ல் லெனினும் போய் மறுபடி பீட்டர்ஸ்பர்க் வந்துவிட்டது, ஆனால் வோல்காக் கரையில் அந்தக் கிராட் இன்னும் இருக்கிறது. இதில் நீ என்ன நினைக்கிறாய்? உனக்குத்தான் சோவியத் வரலாறு தலைகீழ்ப் பாடம்.

அப்புறம், ஏப்ரலில் ப்ராக் போகிறேன். லீவு கிடைத்தால் நீயும் வந்துவிடு, ஹ்ராடைச் சேர்ந்தே பார்க்கலாம். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சேகர்