முதற்சொல்லை வைத்து வகை சொல்லாதீர்கள்

ஆங்கில இலக்கணப் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பெரிய வாக்கியத்தின் உறுப்பாக வரும் சார்பு வாக்கியங்களை நவுன் கிளாஸ் (பெயர்ச்சொல்லின் வேலை செய்வது), அட்ஜெக்டிவ் கிளாஸ் (பெயரை விளக்குவது), அட்வெர்ப் கிளாஸ் (நேரம், நிபந்தனை போன்றவற்றைச் சொல்வது) எனப் பிரிக்கக் கற்பிக்கும்போது, 'தட்' வந்தால் முதல் வகை, 'ஹூ', 'விச்' வந்தால் இரண்டாவது, 'வென்', 'இஃப்' வந்தால் மூன்றாவது என்னும் அட்டவணையே பெரும்பாலும் முன்னிற்கிறது. மனப்பாடத்துக்கு எளிது என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பில்லை. வகையைத் தீர்மானிப்பது முழு வாக்கியத்தில் அந்தப் பகுதி செய்யும் வேலைதான்.

'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' என்பதில் சார்பு வாக்கியம் 'நோ' என்னும் வினைக்குச் செயப்படுபொருளாக நிற்பதால், அது நவுன் கிளாஸ். 'கால் மீ வென் ஹி கம்ஸ்' என்பதில் அழைக்க வேண்டிய நேரத்தைச் சொல்வதால் அட்வெர்ப் கிளாஸ். 'த டே வென் ஹி கேம்' என்பதில் எந்த நாள் என்று காட்டுவதால் அட்ஜெக்டிவ் கிளாஸ். வருங்காலத்தையே குறித்தாலும், முதல் வாக்கியத்தில் வந்த 'வில்' இரண்டாவதில் வராது. வகை தெரியாத மாணவர் இரண்டிலும் 'வில்' போட்டு எழுதுவதில் வியப்பென்ன?

'தட்' இன்னும் நுட்பமானது. 'த நியூஸ் தட் ஹி வன் த மேட்ச்' என்பதில் 'தட்'டுக்குப் பின் வரும் 'ஹி வன் த மேட்ச்' தனியே நின்றாலும் முழு வாக்கியம். அவன் வென்றதுதான் செய்தியே. ஆகவே அது நவுன் கிளாஸ். 'த நியூஸ் தட் ஹி பிராட்' என்பதிலோ 'பிராட்' என்னும் வினைக்குரிய செயப்படுபொருளின் இடத்தை 'தட்' நிரப்புகிறது. அதற்குப் பதிலாக 'விச்' போட்டாலும் பொருள் கெடாது. அது அட்ஜெக்டிவ் கிளாஸ். 'அவன் வென்றான் என்ற செய்தி', 'அவன் கொண்டுவந்த செய்தி' என்று தமிழில் இவ்விரண்டையும் வெவ்வேறாக அமைக்க முடிவதால், நம் மாணவர்களுக்கு இந்த வேறுபாடு முன்பே பழக்கமானது. பாடநூல்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளாதது ஏனென்று விளங்கவில்லை.

எனவே, ஒரே முதற்சொல் வெவ்வேறு வேலை செய்யும் வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்து வினா அமைக்குமாறும், வகையின் பெயருக்கு மட்டுமன்றி அதற்கான காரணத்துக்கும் மதிப்பெண் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். சார்பு வாக்கியத்துக்குப் பதிலாக 'இட்' பொருந்துகிறதா (பொருந்தினால் நவுன் கிளாஸ்), அதை வாக்கியத்தின் தொடக்கத்துக்கு நகர்த்த முடிகிறதா (முடிந்தால் அட்வெர்ப் கிளாஸ்), 'இஃப்' இருக்குமிடத்தில் 'வெதர்' நிற்குமா (நின்றால் நவுன் கிளாஸ்) என்னும் சோதனைகள், விதிவிலக்குகள் சில இருப்பினும், அட்டவணை இருந்த பக்கத்தில் இடம்பெறலாம்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்