முதன்முதலாக மீன்தொட்டி வைப்பவர்களுக்கென்று நீங்கள் விற்கும் தொகுதி பற்றிய புகார்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

பொருள்: இரண்டு அடி நீர்த்தாவர மீன்தொட்டித் தொகுதி – பிழையான விவரங்கள், பணத்தைத் திருப்பிக் கோரல்

உங்கள் காலி வீதிக் கிளையில் 24,500 ரூபாய் கொடுத்து இந்தத் தொகுதியை வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் இருக்கிறது. பெட்டியின் மேல் ‘ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது, உயிருள்ள நீர்த்தாவரங்கள் 5 வகை, இயற்கை ஆற்றுக் கற்கள், அன்றைக்கே மீன் விடலாம்’ என்று போட்டிருக்கிறீர்கள். இதில் ஒன்றுகூட உண்மையில்லை. அதை எப்படிக் கண்டுகொண்டேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தொலைபேசியில் கதைத்தபோது உங்கள் ஊழியர்கள் யாரும் முழுதாகக் கேட்கவில்லை.

கண்ணாடித் தொட்டி ஒழுகவில்லை. பில்டர் சத்தமில்லாமல் ஓடுகிறது. குளோரினை நீக்கும் போத்தல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இவற்றைப் பற்றி எனக்குக் குறை இல்லை. விளக்கு மட்டும் வெறும் நீல வெளிச்சம். மீனை அழகாகக் காட்டும், செடி வளர்க்க ஏற்றதல்ல. அதை விட்டுவிடுகிறேன், அதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் செடிகள். தட்டில் இருந்த ஐந்தில் நான்கு தரைச் செடிகள். ஒன்று ‘லக்கி பம்பூ’ என்று எல்லாக் கடைகளிலும் விற்கும் டிரசீனா. இன்னொன்று வீட்டு வாசலில் சட்டியில் படரவிடும் சிங்கோனியம். மூன்றாவது தோட்ட ஓரங்களில் நடும் மொண்டோ புல். நான்காவது ஊதா இலையுடைய ஹெமிகிராபிஸ். இவையெல்லாம் நல்ல செடிகள்தான், சட்டியில் வைத்தால் பல வருடம் இருக்கும். தண்ணீருக்குள் முழுதாக மூழ்கடித்தால் இருக்காது. தரைச் செடியின் இலையில் மெழுகுப் படை உண்டு, அது காற்றிலிருந்து இலைவாய் வழியாகக் காபனீரொட்சைட்டை எடுத்துப் பழகியது. அந்த வாயு தண்ணீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. இதற்கென்றே அமைந்த மெல்லிய இலை உள்ள செடிதான் நீருக்குள் பிழைக்கும். ஹெமிகிராபிஸின் இலையை விரலால் தொட்டபோது, மேல் தோல் தனியாகவும் உள்ளே இருந்த பச்சை கூழாகவும் கழன்று வந்தது. சிங்கோனியத்தின் தண்டு அடியிலிருந்து பழுப்பாகி, கிள்ளினால் நாற்றம் அடித்தது.

ஐந்தாவது ஒன்றுதான் உண்மையான நீர்ச்செடி. அது கிரிப்டோகோரின் வென்டி (Cryptocoryne wendtii). இலங்கைக்கே உரியது, வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வளராதது. அதுவும் சில நாட்களில் இலை கரைந்து விழுந்தது. ஆனால் கிரிப்டோகோரின்கள் இடம் மாறினால் பழைய இலையைக் கரைத்துவிட்டு வேரிலிருந்து புது இலை விடும், இது அந்தச் செடியின் இயல்பு. அதைத் தெரிந்துகொண்டதால் பிடுங்காமல் விட்டேன், இப்போது துளிர்த்திருக்கிறது. உங்கள் பிரசுரத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ‘வாடிய செடியை உடனே அகற்றவும்’ என்றுதான் இருக்கிறது. அதை நம்பி எத்தனை பேர் உயிரோடு இருந்த ஒரே செடியையும் குப்பையில் போட்டிருப்பார்கள்?

அடுத்தது கற்கள். நான் பாடசாலையில் இரசாயனவியல் கற்பிக்கிறேன், அதனால் இதில் எனக்குச் சந்தேகம் வந்தது. கொழும்புக்குக் குழாயில் வரும் தண்ணீர் அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பதும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதும். ஈரவலயத்து மேற்பரப்பு நீர் என்பதால் மென்னீர். எங்கள் வீட்டுக் குழாய் நீரின் பி.எச். பெறுமானம், அதாவது அமில–கார அளவு, 7 அளவில் இருந்தது. அதே தண்ணீர் உங்கள் தொட்டிக்குள் போய்ச் சில நாள் நின்றதும் 8.2 காட்டியது. தொட்டிக்குள் அப்படி உயர்த்தக்கூடியது கற்கள் மட்டும்தான். ஒரு பிடி எடுத்துக் கழுவி, துடைத்து, பீங்கானில் பரப்பி வினாகிரி ஊற்றினேன். கற்களைச் சுற்றி நுரை பொங்கி, சில நிமிடம் விடாமல் குமிழி வந்தது. அமிலம் பட்டால் காபனீரொட்சைட்டு விடுவது கல்சியம் காபனேற்று. ஆற்றில் கிடக்கும் படிகக்கல் அப்படிச் செய்யாது. கைவில்லையால் பார்த்தபோது சில துண்டுகளில் முருகைக்கல்லுக்கே உரிய சிறு துளைகள் வரிசையாகத் தெரிந்தன, மீதியில் சிப்பி ஓட்டின் வரிகள். கடலிலிருந்து வந்ததை ‘ஆற்றுக் கற்கள்’ என்று விற்றிருக்கிறீர்கள். முருகைக்கல்லை எடுப்பது இந்த நாட்டுக் கரையோரத்தில் சட்டப்படி தடை. உங்களுக்கு இந்தக் கற்களைத் தருபவர் எங்கிருந்து கொண்டுவருகிறார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி மீன்கள். பெட்டியோடு தந்த கூப்பனுக்கு இரண்டு தங்கமீன், ஆறு நியோன் டெட்ரா, தொட்டியில் படியும் பாசியைத் தின்னும் ‘டேங்க் கிளீனர்’ மீன் ஒன்று கொடுத்தீர்கள். "இன்னைக்கே போடலாம் அக்கா, ஒன்னும் ஆகாது" என்று கிளையில் இருந்த தம்பி சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, பெட்டியில் அச்சடித்திருப்பதைத்தான் அவரும் சொன்னார்.

ஒன்னும் ஆகாது என்பது எவ்வளவு பெரிய பொய் என்று உங்கள் நிறுவனத்தில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா வரும். ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, கடைசியானது குறைந்த அளவில் பெரிதாகத் தீங்கு செய்யாது, செடிக்கும் உணவு. இந்தப் பற்றீரியாக்கள் பில்டர் பஞ்சிலும் கற்களிலும் போதிய அளவு பெருக பொதுவாக நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். அதுவரை தொட்டியை மீன் இல்லாமல் ஓடவிட வேண்டும். மீன் வளர்ப்பில் முதலில் கற்பிக்க வேண்டிய பாடம் இது. உங்கள் பிரசுரத்தில் ‘அமோனியா’ என்ற சொல்லே இல்லை.

நன்றாக வளரும் நீர்ச்செடிகள் நிறைய இருந்தால் அவை அமோனியாவை நேராகவே உறிஞ்சிக்கொள்ளும். தொடக்கக் கிழமைகளில் மீனுக்கு அது பாதுகாப்பு. நீங்கள் தந்த செடிகள் உறிஞ்சவில்லை, அழுகித் தாங்களே அமோனியாவைக் கூட்டின. உங்கள் கற்கள் அதற்கு மேல் இன்னொரு வேலை செய்தன. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும்: அவ்வளவு தீங்கில்லாத அமோனியம் அயனாகவும், செவுளை அரிக்கும் அமோனியாவாகவும். எது எவ்வளவு என்பதை பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கும். எங்கள் வீட்டுத் தண்ணீர் 29 பாகை செல்சியஸ். பி.எச். 7 ஆக இருந்திருந்தால் மொத்தத்தில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 8.2 இல் அது ஏறத்தாழ பத்தில் ஒன்று. குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டிருந்தால் மீன்கள் தாக்குப்பிடித்திருக்கக்கூடிய அளவு அமோனியாவை, உங்கள் கற்கள் பத்து மடங்குக்கும் மேல் கொடியதாக்கின. செடி, கல், ‘அன்றைக்கே மீன்’ என்ற வாக்குறுதி, மூன்றும் ஒரே பெட்டிக்குள் ஒன்றையொன்று மோசமாக்கின. இதைத்தான் ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது என்கிறீர்கள்.

நியோன்கள் அந்தக் கிழமைக்குள்ளேயே செத்துப்போயின. முதலில் அந்த நீலக் கோடு மங்கியது, பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தங்கமீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன, செவுள் மூடியின் ஓரம் இரத்தச் சிவப்பு. வேறு பாத்திரத்தில் குளோரின் நீக்கிய தண்ணீர் வைத்து மாற்றியதால் அவை பிழைத்தன, இப்போது தெரிந்தவர் வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் இருக்கின்றன. தரம் 6 இல் படிக்கும் என் மகள், தான் உணவு கூடப் போட்டதால்தான் செத்தது என்று நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி நம்பவைத்தது உங்கள் வாடிக்கையாளர் சேவை. நான் தொலைபேசியில் முறையிட்டபோது வந்த முதல் கேள்வி, "பிள்ளைகள் கூடச் சாப்பாடு போட்டிருப்பாங்களா மெடம்?" அடுத்தது, புதிய மீன் வாங்கப் பத்து வீதக் கழிவு தரலாம் என்பது. அதே தண்ணீருக்கு இன்னும் மீன்.

அந்த அழைப்பிலேயே டேங்க் கிளீனர் பற்றியும் கேட்டேன். அது தென்னமெரிக்க மீன், ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. இரண்டு அடித் தொட்டியில் அதை எப்படி வைத்திருப்பது என்று கேட்டதற்கு, "பெருசானா கெனல்ல விட்டுடலாம்" என்று பதில் வந்தது. என்னால் மன்னிக்க முடியாதது இதுதான். தொட்டியிலிருந்து தப்பியும் விடப்பட்டும் போன டேங்க் கிளீனர்கள் இந்த நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கின்றன. பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலத்தில் கத்திமீன் புகுந்ததும் இப்படித்தான், அதுவும் அலங்கார மீனாகக் கொண்டுவரப்பட்டது. வலை போடுகிறவர்களுக்கும் நட்டம், இங்கேயே தோன்றிய சிறு மீன்களுக்கும் நட்டம். மீன் விற்கும் நிறுவனம் வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

இத்தனைக்கும் நல்ல ஆரம்பத் தொகுதி ஒன்றை இந்த நாட்டில் உருவாக்குவது சுலபம். கிரிப்டோகோரின் இங்கே நிழலான ஓடைகளில் வளர்வது, அதிக வெளிச்சமோ தனியாகக் காபனீரொட்சைட்டோ கேட்காது. வலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியும் அப்படியே. ஒளித்தொகுப்பில் ஒட்சிசன் வருவதைக் காட்ட நாங்கள் பாடசாலையில் பாவிக்கும் ஐதரில்லா, வேகமாக வளர்ந்து அமோனியாவை உறிஞ்சும். மீனுக்கு, பண்ணையில் பெருக்கிய செர்ரி பார்ப் இருக்கிறது. இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கே உரிய இந்த மீனை 1929 இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்தார். இரண்டு அங்குலம்தான் வளரும், எங்கள் குழாய்த் தண்ணீர் அதற்குப் பொருந்தும். கழுவிய ஆற்று மணல், வெள்ளை விளக்கு, அமோனியா பரிசோதிக்கும் சிறு குப்பி, அப்புறம் ‘முதலில் செடி, ஒரு மாதத்துக்குப் பிறகு மீன்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு தாள். இவ்வளவும் இப்போதைய பெட்டியைவிடக் கூடச் செலவாகும் என்று நான் நம்பவில்லை.

நான் கேட்பது இது. தொகுதியின் முழு விலையையும் திருப்பித் தாருங்கள். தொட்டியையும் பில்டரையும் நான் வைத்துக்கொள்வதாக இருந்தால், அவற்றின் தனி விலையைக் கழித்து மீதியைத் தந்தாலும் சம்மதம். என்னிடம் இன்னும் உயிரோடு இருக்கும் டேங்க் கிளீனரைக் கிளையில் திரும்ப ஏற்றுக்கொள்ளுங்கள். கடைகளில் இருக்கும் பெட்டிகளிலிருந்து ‘அன்றைக்கே மீன் விடலாம்’, ‘ஆற்றுக் கற்கள்’, ‘நீர்த்தாவரங்கள் 5 வகை’ ஆகிய மூன்று வாசகங்களையும் எடுங்கள். விற்றுப்போன பெட்டிகளை வாங்கியவர்களின் தொலைபேசி இலக்கங்கள் உங்கள் பற்றுச்சீட்டுப் பதிவில் இருக்கும், கற்களை மாற்றும்படி அவர்களுக்கு அறிவியுங்கள். மீனைக் கால்வாயில் விடச் சொல்லக்கூடாது என்று ஊழியர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, நுகர்வோரை ஏமாற்றும் அல்லது தவறாக வழிநடத்தும் நடத்தையை வியாபாரிகளுக்குத் தடை செய்கிறது. அந்த அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்ய இன்னும் காலம் இருக்கிறது. இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதன் பிரதியோடு அங்கே போவேன்.

அழுகிய செடிகளின் படங்கள், வினாகிரிச் சோதனையின் காணொளி, தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகள், உங்கள் பிரசுரம் எல்லாம் என்னிடம் உள்ளன. கற்களை எடுத்துக் கழுவி ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் தொழில்நுட்ப ஆள் ஒருவரை அனுப்பினால், அவர் முன்னாலேயே இன்னொரு தரம் வினாகிரி ஊற்றிக் காட்டுவேன். வார நாட்களில் பாடசாலை முடிந்து மூன்று மணிக்குப் பிறகு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்
(பெயரும் தொலைபேசி இலக்கமும் இணைத்த பற்றுச்சீட்டில் உள்ளன)