மகன் பென்னிகுயிக்குக்கு

அன்புள்ள தம்பி பென்னிகுயிக்,

மருமகளும் குழந்தையும் சுகம்தானே? படத்தை உங்கம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்தாச்சு. மற்றதைப் பேசலாமென்றால் நீ போனை எடுப்பதில்லை.

ஸ்காட்லாந்தில் பிறந்த பிள்ளையை 21 நாளுக்குள் பதிய வேண்டுமாமே. பாதி நாள் ஓடிவிட்டது. என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை, அது உங்கள் இருவர் விருப்பம்.

நீ அனுப்பிய ஆஸ்பத்திரிச் சீட்டில் தகப்பன் பெயர் 'பென்' என்று மட்டும் இருந்தது. ஏன் தம்பி? அந்த ஊர்க்காரர்களுக்கு வாயில் நுழையாத பெயரா இது? எடின்பரோவுக்குத் தெற்கே பெனிகுயிக் என்று ஊரே இருக்கிறது, பேச்சில் பெனிகுக் என்பார்களாம். அந்த ஊர்ப்பெயர்தான் குடும்பப்பெயராகி பென்னிகுக், பென்னிகுயிக் என்று பல விதமாக வழங்குகிறது. பிரிஸ்டலில் பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய்ந்த பேராசிரியர் காலினும் ஒரு பென்னிகுயிக்தான்.

நம் பக்கம் அதையே பிள்ளைக்கு வைத்தோம். 1895-ல் கர்னல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடிக்காவிட்டால் நமக்கு ஏது இருபோகம்? பள்ளியில் பென்னிகுவிக், தெருவில் பென்னி, உன் அப்பத்தாவுக்குக் குயிக்கு. தேனி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் உன்னை நினைக்கிறேன். தை பிறந்தால் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். நீதான் வந்து எத்தனையோ வருசமாச்சு.

பாஸ்போர்ட்டில் என் பெயர் உனக்குக் குடும்பப்பெயராக விழுந்ததால், ஆபீஸில் உன்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றாய். எனக்கு அது பெருமைதான். ஆனால் பேரனுக்கு என் பெயர் வேண்டாம். நம் வழக்கப்படி அப்பன் பெயரை அவன் பெயரோடு சேர்த்தால், அந்த மண்ணில் அது மறுபடி குடும்பப்பெயராகவே நிற்கும். மருமகளிடம் பக்குவமாகச் சொல், வற்புறுத்தாதே. முழுப் பெயராக எழுது, 'பென்' என்று நிறுத்திவிடாதே.

உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கியூ' போட்டுத் தப்பாக எழுதி, திருத்த அலைந்தது நினைவிருக்கிறதா? இரண்டு 'என்', பிறகு 'ஒய்', கடைசியில் 'சி', 'கே'. கையெழுத்துப் போடுமுன் ஒவ்வோர் எழுத்தாகப் பார். முழுப் பெயர், தம்பி.

பதிந்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போடு.

அப்பா