தகட்டை அளந்தால் போதாது, கதவையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் ஜட்லாந்து கடற்போர் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். 1916 மே 31 அன்று வட கடலில் பிரிட்டிஷ், ஜெர்மானியக் கடற்படைகளின் ஏறத்தாழ 250 கப்பல்கள் மோதிக்கொண்ட போரைத் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவே கட்டம் கட்டிப் போட்டிருந்த கவசத் தடிமன் அட்டவணையும், அதன் கீழே இருந்த முடிவும் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்துவிட்டன. இன்டிஃபேட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள் என்ற மூன்று பிரிட்டிஷ் போர்க்குரூசர்களும் (பெரிய பீரங்கிகளோடு, வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்துக் கட்டிய கப்பல்கள்) கவசம் மெலிந்திருந்ததால்தான் வெடித்துச் சிதறின என்று அங்கே எழுதியிருந்தது. ஒரே நாளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த மூன்று கப்பல்களோடு மடிந்தார்கள். அவர்கள் சாவுக்கான காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

நான் கோவையில் கியர், பம்ப் பாகங்களுக்குக் கேஸ் ஹார்டனிங், அதாவது எஃகின் மேற்பரப்பை மட்டும் கடினமாக்கும் வேலை செய்யும் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். விடுமுறை நாட்களில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, மூவாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள சிறு கப்பல் உருவங்களைத் தரையில் நிறுத்திப் பழைய கடற்போர்களை விளையாடிப் பார்ப்பது என் நெடுநாள் பழக்கம். சிறுபிள்ளை விளையாட்டு என்று சிலர் நினைக்கலாம். 1898ஆம் ஆண்டிலேயே ஃப்ரெட் ஜேன் இதற்கு விதிகளை வெளியிட்டார். உலகப் போர்க்கப்பல்களின் ஆண்டுத் தொகுப்பைத் தொடங்கியவரும் அவர்தான். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி இரண்டு உலகப் போர்களுக்கு இடையே தன் அதிகாரிகளை இப்படித்தான் பயிற்றுவித்தது. எந்தத் தூரத்தில், எந்தக் கோணத்தில் வரும் குண்டு எந்தத் தகட்டைத் துளைக்கும் என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் நாங்கள். ஆகவே உங்கள் அட்டவணையின் எண்கள் எனக்குப் புதியவை அல்ல. அந்த எண்களை வைத்து நீங்கள் எட்டிய முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

குயின் மேரியையும் அதே படையில் இருந்த லயனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பக்கவாட்டுக் கவசம் 9 அங்குலம், அதாவது 229 மில்லிமீட்டர். இரண்டுக்கும் 13.5 அங்குலப் பீரங்கிகள் எட்டு. அமைப்பிலும் ஏறக்குறைய உடன்பிறந்த கப்பல்கள். மாலை 4.26 மணிக்குக் குயின் மேரி வெடித்து 1,266 பேரோடு மூழ்கியது. பத்துக்கும் மேற்பட்ட பெரிய குண்டுகளை வாங்கிய லயன் துறைமுகம் திரும்பியது. அதே 9 அங்குலக் கவசம் கொண்ட டைகரும் பத்துக்கு மேல் அடி வாங்கித் திரும்பியது. தடிமன் மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு என்ன விளக்கம்?

லயனுக்கு நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மாலை 4 மணிக்கு ஜெர்மானியக் கப்பல் லுட்ஸோவ் சுட்ட 305 மி.மீ. குண்டு ஒன்று, லயனின் நடுவிலிருந்த ‘கியூ’ பீரங்கிக் கோபுரத்தின் முகப்புத் தகடும் கூரைத் தகடும் சேரும் இடத்தில் புகுந்து உள்ளே வெடித்தது. கோபுரத்தில் இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மாண்டார்கள். உயிர் பிரியும் நிலையில் இருந்த மேஜர் ஃபிரான்சிஸ் ஹார்வி, கீழே வெடிமருந்துக் கிடங்கின் கதவுகளை மூடித் தண்ணீரைத் திறந்துவிடும்படி குரல் குழாய் வழியே உத்தரவிட்டார். அரை மணி நேரத்துக்குள் கோபுரத்தில் புகைந்துகொண்டிருந்த நெருப்பு, கிடங்குக்குச் செல்லும் வழியில் தங்கியிருந்த உந்துமருந்து (குண்டைப் பீரங்கியிலிருந்து உந்தித் தள்ளும் மருந்து) மூட்டைகளைப் பற்றியது. பாய்மர உச்சி வரை தீப்பிழம்பு எழுந்தது. கீழே பணியில் இருந்தவர்கள் நின்ற இடத்திலேயே கருகினார்கள். கப்பல் மட்டும் பிழைத்தது. பின்னர் பார்த்தபோது கிடங்கின் சுவர்கள் உட்புறமாக நெளிந்திருந்தன. உள்ளே நிறைந்திருந்த தண்ணீர்தான் அவற்றைத் தாங்கிப் பிடித்திருந்தது. ஹார்விக்கு மரணத்துக்குப் பின் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

இதில் இன்னொருவரின் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை. லயனின் தலைமைப் பீரங்கியாளர் அலெக்சாண்டர் கிராண்ட், 1915இல் கப்பலுக்கு வந்ததும் உந்துமருந்து கையாளும் முறையைக் கண்டிப்பாக்கியிருந்தார். தேவைக்கு மேல் மூட்டைகளை வெளியே எடுத்து வைக்கக் கூடாது, கிடங்கின் கதவுகளை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக் கூடாது என்பது அவர் ஏற்படுத்திய ஒழுங்கு. அந்த ஒழுங்கு இருந்ததால்தான் ஹார்வியின் உத்தரவு உரிய நேரத்தில் பயன்பட்டது. என் கணிப்பில் அன்று லயனைக் காப்பாற்றியவர்களில் கிராண்டுக்கே முதலிடம்.

மற்ற பிரிட்டிஷ் போர்க்குரூசர்களில் நிலைமை வேறு. ஸ்காட்லாந்தின் ரோசைத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருந்த அந்தப் படைக்கு நெடுந்தூரச் சுடுபயிற்சிக்கு வசதி போதவில்லை. குறி சுமாராக இருந்தாலும் வேகமாகச் சுட்டு ஈடுகட்டலாம் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. வேகத்துக்காகக் கதவுகள் திறந்தே கிடந்தன. பட்டுத்துணியில் கட்டிய கார்டைட் (பிரிட்டிஷ் உந்துமருந்து) மூட்டைகள் கோபுரத்துக்கும் கிடங்குக்கும் இடையே அடுக்கப்பட்டிருந்தன. மூட்டைகளின் முனையில் பற்றவைப்பதற்கான கரும்பொடி வேறு. கோபுரத்தில் விழும் ஒரு தீப்பொறிக்கு அடிவாரம் வரை வழி போட்டு வைத்ததற்குச் சமம் இது.

எதிர்த்தரப்பைப் பாருங்கள். 1915 ஜனவரி 24 அன்று வட கடலில் நடந்த டாகர் பேங்க் போரில், லயன் சுட்ட குண்டு ஒன்று ஜெர்மானிய ஸைட்லிட்ஸின் பின்புறப் பீரங்கிக் கோபுரத்தின் அடித்தளக் கவசத்தைத் துளைத்தது. தீ பக்கத்துக் கோபுரத்துக்கும் தாவி இரண்டிலும் இருந்தவர்களை எரித்தது. 159 பேர் இறந்தார்கள். அப்போதும் கப்பல் வெடிக்கவில்லை. வில்ஹெல்ம் ஹைட்காம்ப் என்ற பம்ப் பொறுப்பாளர், கை வெந்துபோகும் அளவுக்குக் காய்ந்திருந்த வால்வுகளைத் திருகிக் கிடங்குகளில் தண்ணீரை நிரப்பினார். ஜெர்மானியர்களின் உந்துமருந்தில் பெரும்பகுதி பித்தளை உறையில் இருந்ததும் ஒரு காரணம். தீப்பிடித்தால் அது எரிந்ததே தவிர, கார்டைட் போல வெடித்துச் சிதறவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர்கள் மூட்டைகளை வெளியே குவிப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். ஜட்லாந்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெரிய குண்டுகளையும் ஒரு டார்பிடோவையும் வாங்கி, 5,000 டன்னுக்கு மேல் கடல்நீரைச் சுமந்துகொண்டு ஸைட்லிட்ஸ் ஊர் போய்ச் சேர்ந்தது.

ஸைட்லிட்ஸின் பக்கவாட்டுக் கவசம் 300 மி.மீ. இன்வின்சிபிள், இன்டிஃபேட்டிகபிள் இரண்டுக்கும் 152 மி.மீ. மட்டுமே. இந்த வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. வேகமே கவசம் என்று நம்பிய பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஃபிஷரின் கொள்கை தவறு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. மெல்லிய தகடு குண்டை உள்ளே விட்டது. ஆனால் உள்ளே நுழைந்த ஒரு குண்டு ஒரு கோபுரத்தை அழிப்பதற்கும் ஆயிரம் பேரோடு முழுக் கப்பலையும் அழிப்பதற்கும் நடுவில் இருப்பது அந்தக் கதவு. அட்மிரல் பீட்டி தலைமையில் போரிட்ட இந்தப் போர்க்குரூசர்கள் ஒருபுறம் இருக்கட்டும். 13 அங்குலக் கவசம் கொண்ட மலாயாவே அன்று தப்பியது அரும்பொட்டில்தான். மலாய் கூட்டு மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்ட அந்தப் புத்தம் புதிய போர்க்கப்பலின் 6 அங்குலப் பீரங்கித் தளத்தில் கார்டைட் பற்றி எரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள்.

கவசத்தின் தடிமனை மட்டும் எழுதும்போது இன்னொன்றும் விடுபடுகிறது. என் தொழில் சார்ந்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அக்காலக் குரூப் கவசத் தகட்டின் முகப்பில் கார்பன் ஏற்றி, அந்தப் பக்கத்தை மட்டும் சூடாக்கித் தண்ணீரில் குளிர்விப்பார்கள். முகம் கண்ணாடி போலக் கடினமாகும். முதுகு வளைந்து கொடுக்கும் உறுதியோடு இருக்கும். முகம் குண்டின் முனையை உடைக்கும், முதுகு அதிர்வை வாங்கிக்கொள்ளும். முகத்தைக் கடினப்படுத்தும் வேலை அளவு மீறினால் தகடு விரிசல் விடும் என்பது கியர் பல்லைக் கையில் எடுத்துப் பார்த்த எவருக்கும் தெரியும். இதற்கு மாற்றாகக் குண்டு செய்கிறவர்கள் முனையில் மிருதுவான எஃகுத் தொப்பி ஒன்றைப் பொருத்தினார்கள். முனை உடையாமல் காத்து, தகட்டின் கடின முகத்தை அது முதலில் நொறுக்கும்.

இந்த இடத்தில் பிரிட்டன் சறுக்கியது. அதன் கவசம் துளைக்கும் குண்டுகள் பெரும்பாலும் தகட்டை நேர்க்கோணத்தில் அடித்துச் சோதிக்கப்பட்டவை. போர் நடந்த தூரத்திலோ குண்டு சாய்ந்துதான் வந்து விழும். சாய்ந்து பட்ட பிரிட்டிஷ் குண்டுகள் பல உடைந்தன. உள்ளே இருந்த லிட்டைட் என்ற வெடிமருந்து அதிர்ச்சி தாங்காமல் துளைத்து முடிப்பதற்குள் வெடித்துவிட்டது. சாய்கோணத்திலும் துளைக்கும் குண்டு வேண்டும் என்று, பின்னர் ஜட்லாந்தில் பிரிட்டிஷ் கடற்படையை நடத்திய ஜெல்லிக்கோ 1910இலேயே கேட்டிருந்தார். அவர் வேறு பொறுப்புக்குப் போனதும் அந்தக் கோரிக்கை கிடப்பில் போடப்பட்டது. நல்ல குண்டுகள் கப்பல்களுக்கு வந்து சேர 1918 ஆயிற்று. ஜெர்மானியக் கப்பல்கள் தாங்கிய அடிகளில் ஒரு பகுதிப் பெருமை அவர்களுடைய தகட்டுக்கு, இன்னொரு பகுதி எதிரியின் மோசமான குண்டுக்கு. உங்கள் அட்டவணை எல்லாவற்றையும் தகட்டின் கணக்கிலேயே எழுதிவிட்டது.

ஜட்லாந்துப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படை கிடங்குகளின் மேல் கூடுதல் தகடு பதித்தது. தீ பரவாதபடி கதவுகளையும் மாற்றியமைத்தது. பொதுமக்கள் மனதில் நின்றது தகடு மட்டும். குறை தகட்டில் என்றால் பழி கப்பலை வரைந்தவர்களைச் சேரும். கதவில் என்றால் கப்பலை நடத்தியவர்களைச் சேரும். கவசக் கதை இத்தனை காலம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எங்கள் விளையாட்டு விதிகளிலும் இதே குறை இருந்தது. ‘துளைக்கும் திறன் தடிமனை விட அதிகமா, பகடையை உருட்டு’ என்பதோடு முடிந்துவிடும். இப்போது ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு கப்பல் தலைவரும் ஒரு சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும்: வேகச் சூடா, ஒழுங்குச் சூடா? வேகச் சூடு என்றால் கூடுதலாகச் சுடலாம். ஆனால் கோபுரம் துளைக்கப்பட்டால் கிடங்குக்குத் தீ பரவும் வாய்ப்பு பல மடங்கு. எதிராளியின் குண்டுகள் அருகில் விழத் தொடங்கியதும், ஒழுங்கு என்று எழுதியவர்கள் கூடச் சீட்டை மாற்றக் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். 1916இல் அந்தக் கதவுகள் ஏன் திறந்து கிடந்தன என்பது எந்த அட்டவணையை விடவும் அந்த விளையாட்டில் எனக்கு நன்றாக விளங்கியது.

அடுத்த வாரம் இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் அட்டவணையை மீண்டும் போடுவதாக இருந்தால், கவசத் தடிமனுக்குப் பக்கத்தில் உந்துமருந்து எந்த உறையில் வைக்கப்பட்டிருந்தது, குண்டு எந்தக் கோணத்தில் சோதிக்கப்பட்டது என்ற இரண்டு பத்திகளையும் சேர்க்க வேண்டுகிறேன். ஹார்வியின் பெயரோடு கிராண்ட், ஹைட்காம்ப் இருவரின் பெயர்களும் தமிழ் வாசகர்களைச் சென்றடையட்டும்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.