அந்தப் பைக்குப் பூட்டு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியப் பெண் ஷாப்பெல் கோர்பி இந்தோனேசியாவின் பாலித் தீவுச் சிறையிலிருந்து எழுதிய நினைவுக் குறிப்புகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களையும் ஒன்று விடாமல் படித்தேன். பாதிப் பேர் “பாவம், அப்பாவிப் பெண்” என்கிறார்கள். மீதிப் பேர் “கஞ்சா கடத்தியவளுக்குப் புத்தகம் ஒரு கேடா” என்கிறார்கள். நான் திருச்சி ஏர்போர்ட் போகிற சாலையில் சூட்கேஸ், பேக் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஜிப், சக்கரம், கைப்பிடி, பூட்டு இவைதான் என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, அந்தப் பெண்ணை விட்டுவிட்டு அவர் பையின் மேல்தான் என் கண் போனது. எந்தக் கடிதமும் பையைப் பற்றிப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கட்டுரையைத் தவறவிட்டவர்களுக்கு: 2004 அக்டோபர் 8 அன்று பிரிஸ்பேனில் கிளம்பி, சிட்னி வழியாகப் பாலிக்குப் போய் இறங்கினார் கோர்பி. கடல் அலையில் படுத்தபடி சறுக்கும் பலகை ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தார். அந்தப் பைக்குள் 4.2 கிலோ கஞ்சா இருந்தது. என்னுடையது இல்லை, வழியில் யாரோ வைத்துவிட்டார்கள் என்றார். 2005 மே மாதம் 20 ஆண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் அது 15 ஆனது, உச்ச நீதிமன்றம் மறுபடி 20 ஆக்கியது. 2012இல் அதிபர் கருணையில் 5 ஆண்டு குறைந்து, 2014இல் பரோலில் வெளியே வந்து, 2017இல் ஊர் திரும்பினார். இன்றுவரை அவர் சொல் மாறவில்லை.

அந்தப் பைக்குப் பூட்டு இல்லை. இருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. என் கடைக்கு வருகிறவர்கள் ஜிப்பை இழுக்கிற ரன்னரின் இரண்டு காதையும் சேர்த்து நம்பர் பூட்டைப் போட்டுவிட்டு, பெட்டி பத்திரம் என்று நிம்மதியாகக் கிளம்புகிறார்கள். ஒரு பால்பாயிண்ட் பேனா முனையை ஜிப் பல்லுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பெட்டி வாய் திறந்துவிடும். வேலை முடிந்ததும் பூட்டிய ரன்னரை அப்படியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு தடவை இழுத்தால் பல் மறுபடி கூடிவிடும். பூட்டு போட்டது போட்டபடி இருக்கும். சாவியைத் தொலைத்துவிட்டு ஃப்ளைட்டுக்கு நேரமாகிறது என்று பதறி வருகிறவர்களுக்கு நான் செய்து கொடுக்கிற காரியம்தான் இது. எனக்குத் தெரிந்தது சுமை ஏற்றி இறக்குகிறவனுக்குத் தெரியாதா? சிட்னி விமான நிலையச் சுமைத் தொழிலாளர்கள் சிலர் கொக்கைன் கடத்தலுக்கு உடந்தை என்று 2005இல் அந்த ஊர்ப் பத்திரிகைகளும் எழுதின.

இதைப் படித்துவிட்டு நான் அந்தப் பெண் கட்சி என்று முடிவு கட்ட வேண்டாம். நுரையில் செய்த அந்தப் பலகையும் காலில் மாட்டும் துடுப்பும் சேர்ந்தாலும் பெரிய கனம் இருக்காது. அதில் நாலு கிலோ கூடினால் தூக்குகிற கைக்கு நிச்சயம் தெரியும். ஐந்து கிலோ அரிசிப் பையில் ஒரு கிலோ குறைந்தாலே நம் வீட்டுப் பெண்கள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் என் மகள் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டேன். எடை விஷயம் வந்த இடங்களில் எனக்குத் திருப்தி இல்லை. பாலியில் போய் விற்பதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து எவனாவது கஞ்சா கொண்டுபோவானா என்று அவர் தரப்பு கேட்டதும் நியாயமான கேள்விதான். ஆகக்கூடி எனக்குத் தெரியாது. நம் வாசகர்களுக்கும் தெரிய வழியில்லை. கஞ்சா சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையில் கைரேகை எடுத்துப் பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கலாம். எடுக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் அன்று மக்கள் நடந்துகொண்டதைக் கட்டுரையில் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். தீர்ப்பு வந்ததும் பாலிக்குச் சுற்றுலா போகாதே என்று கிளம்பினார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான் சுனாமி வந்து இந்தோனேசியாவின் அச்சே மாநிலமே அழிந்திருந்தது. அதற்குக் கொடுத்த நன்கொடையைத் திருப்பிக் கொடுங்கள் என்று தொண்டு நிறுவனங்களுக்கு ஃபோன் போட்டுக் கேட்டவர்களும் உண்டு! என் மனைவி ஊர் நாகப்பட்டினம். இதைக் கேட்டதும் அவள் திட்டியதை அச்சில் போட முடியாது.

குற்றவாளி புத்தகம் எழுதிச் சம்பாதிக்கலாமா என்று கும்பகோணம் வாசகர் கொதித்திருந்தார். சம்பாதிக்க விடவில்லை ஐயா. 2007இல் ஆஸ்திரேலிய அரசு நீதிமன்றம் போய் அந்தப் பணத்தை முடக்கியது. 2009இல் புத்தகத்திலும் ஒரு பத்திரிகைப் பேட்டியிலும் வந்த 1,28,800 டாலர் அரசுக்கே போய்விட்டது. அது சரியான சட்டம்தான் என்பது என் கட்சி. ஆனால் பணத்தைப் பிடுங்குவது வேறு, படிக்காதே என்று தடுப்பது வேறு. பாலியில் அவர் இருந்தது கெரோபோகன் சிறை. முந்நூறு பேருக்கென்று கட்டிய அந்தச் சிறையில் பிற்பாடு ஆயிரம் பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். பாஷை தெரியாத ஊர், புரியாத நீதிமன்றம், வக்கீல் சொல்வது நிஜமா பொய்யா என்று விளங்காத நிலை. பொய் சொல்கிறவர் எழுதினாலும் சிறை சிறைதானே.

இன்னொரு வாசகர், வெள்ளைக்காரப் பெண் என்பதால்தான் இத்தனை பரிதாபம் என்று எழுதியிருந்தார். அதை நான் மறுக்கமாட்டேன். அதே கெரோபோகனில் இருந்தவர் மயூரன் சுகுமாரன். இலங்கைத் தமிழ்க் குடும்பம், லண்டனில் பிறப்பு, சிட்னியில் வளர்ப்பு. 2005 ஏப்ரலில் 8 கிலோவுக்கு மேல் ஹெராயினோடு பிடிபட்ட ஒன்பது பேரில் ஒருவர், தலைவர்களில் ஒருவர் என்று தீர்ப்பானது. சிறைக்குள் ஓவியம் கற்று, மற்ற கைதிகளுக்கும் வகுப்பு எடுத்தார். 2015 ஏப்ரல் 29 அன்று நூசகம்பங்கன் தீவில் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஒன்பது பேர் பயணத்தைப் பற்றி இந்தோனேசியப் போலீசுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்தது ஆஸ்திரேலியப் போலீஸ். மீதமிருந்த ஐந்து பேரை 2024 டிசம்பரில்தான் ஊருக்கு அனுப்பினார்கள். கோர்பியைப் பற்றி உங்களுக்கு வந்த கடிதங்களில் கால்வாசி மயூரனைப் பற்றி வந்திருந்தால் நம் வாசகர்களை நான் மெச்சியிருப்பேன்.

இனி என் கடைக்கு வருகிறேன். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று இங்கிருந்து போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்தவர் வீட்டுப் பொட்டலம் ஒன்றாவது எடுத்துப் போகிறார்கள். “அண்ணே, மச்சானுக்கு ரெண்டு கிலோ முறுக்கும் கொஞ்சம் மாத்திரையும் இருக்கு, அங்க ஏர்போர்ட்டுலயே வந்து வாங்கிக்குவாரு.” முடியாது என்றால் சொந்தம் முறியும். பிரித்துப் பார்த்தால் அதைவிடக் கோபம் வரும். அந்த மாத்திரையில் டிராமடால் என்கிற வலி மருந்து இருந்தால் துபாயில் என்ன ஆகும் என்று கொடுத்தவருக்கும் தெரியாது, கொண்டுபோகிறவருக்கும் தெரியாது. குருமாவுக்கு அரைக்கிற கசகசாவே அங்கே தடை செய்யப்பட்ட பொருள். என் கடையில் பெட்டியைத் திறந்து வைத்திருக்கும்போது கசகசாப் பாக்கெட் கண்ணில் பட்டால் நானே எடுத்து வெளியே வைத்துவிடுவேன். வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

சிங்கப்பூர்ச் சட்டப்படி பொருள் உங்கள் கைவசம் இருந்தால் அது உங்களுடையது என்றும், அது இன்னதென்று உங்களுக்குத் தெரியும் என்றும்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. ஹெராயின் 15 கிராமைத் தாண்டினாலே தூக்குவரை போகலாம். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டமும் கிட்டத்தட்ட அந்த வழிதான். 35ஆவது பிரிவை வக்கீல் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அதாவது, கொடுத்துவிட்டவன் யார் என்று கண்டுபிடிக்காமலே வழக்கை முடிக்கலாம். கோர்பி வழக்கும் அப்படித்தான் முடிந்தது. அவரே வைத்தாரா, வேறொருவர் வைத்தாரா என்று நாம் மல்லுக்கட்டுகிறோம். வேறொருவர் என்றால் அவர் பெயர் இத்தனை ஆண்டாகியும் எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

சில வருஷம் முன்பு ஒருவன் புதுச் சூட்கேஸ் கொண்டுவந்து, அடிப்பக்கம் லைனிங்கைப் பிரித்து இன்னொரு தட்டு வைத்துத் தைத்துத் தரமுடியுமா என்றான். கூலி எவ்வளவு என்றாலும் சரியாம். திருச்சி என்றால் தங்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன். முடியாது என்றதும் அவன் கோபப்படவில்லை. “நான் போகப் போறதில்ல பாய், வேற பையன்தான் போறான்” என்றான், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. அந்தப் பையனுக்கு அடித்தட்டு விஷயம் தெரியுமா என்று கேட்டேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வேறு யாரோ தைத்துக் கொடுத்திருப்பார்கள்.

ஆசிரியர் ஐயா, இந்தோனேசியச் சிறையைப் பற்றி ஆஸ்திரேலியப் பெண் எழுதியதை நாம் படிப்பதில் தப்பில்லை. வளைகுடாவிலும் மலேசியாவிலும் உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள் புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். பெண் கொடுக்கமாட்டார்கள், கடன் கிடைக்காது என்று வாயைத் திறப்பதில்லை. அவர்களில் ஒருவர் என் வாடிக்கைக்காரர். வேறொருவர் கொடுத்த மாத்திரை டப்பாவுக்காக உள்ளே போனவர். ஜிப் மாற்றக் கொடுத்தால் இரவு பையை என்னிடம் விட்டுப்போகமாட்டார், எவ்வளவு நேரமானாலும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார். பெயர் போடாமல் வெளியிடுவதாக நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவரிடம் பேசிப் பார்க்கிறேன். அவருக்கு எழுத்து வராது. சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்புகிறேன்.

– எம்.எஸ்.,
டி.வி.எஸ். டோல்கேட், திருச்சி