லீட்ஸில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள ஷைனிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தேங்காய் வெட்டியாயிற்று, விலைதான் போதவில்லை. ஊர் விசேஷம் அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக நீ எழுதின இங்கிலீஷ் பரீட்சை, அந்த ஓ.இ.டி.க்கு நீ எழுதி வைத்து விட்டுவிட்டுப் போன நோட்டை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். காலமெல்லாம் அரசு ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள், எனக்குத் தெரியாத ஆஸ்பத்திரி இங்கிலீஷா என்றுதான் பிரித்தேன். நாங்கள் பேசியது ஒன்று, அங்கே பேசுவது வேறொன்று போலிருக்கிறது. கேஸ் ஷீட்டில் ‘எக்ஸ்பயர்ட்’ என்று எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! அங்கே எக்ஸ்பயர் ஆவது பால் பாக்கெட்டும் பாஸ்போர்ட்டும்தானாமே. மனிதர் என்றால் ‘டைடு’ என்று நேராகவே எழுத வேண்டும், வீட்டாரிடம் ‘பாஸ்ட் அவே’ என்று சொல்லலாம் என்று குறித்து வைத்திருக்கிறாய். நல்லதுதான்.

‘சிக்’ என்ற சொல்லுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறாய். அதை மறந்துவிடாதே மக்களே. ‘ஐ ஃபீல் சிக்’ என்றால் குமட்டுகிறது. ‘ஐ ஹேவ் பீன் சிக்’ என்றால் பெரும்பாலும் வாந்தியே எடுத்தாயிற்று. ஏதோ உடம்புக்கு முடியாமல் இருந்தாராம் என்று நீ தலையாட்டிவிட்டுப் போனால், எடுத்த வாந்தி சார்ட்டில் ஏறாது, அன்றைக்கு உள்ளே போன தண்ணீர், வெளியே போன தண்ணீர் கணக்கே தப்பிவிடும். வெறுமனே உடம்பு சரியில்லை என்பதற்கு அந்தப் பக்கத்துப் பாட்டிமார் ‘பூர்லி’ என்பார்களாம். அதே பாட்டி ‘டீக்கு முன்னால் இன்சுலின் போடுவேன்’ என்றால் அது டம்ளர் டீ இல்லை, சாயங்காலச் சாப்பாடு. புரியவில்லை என்றால் திரும்பக் கேள். ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்று யாராவது சொன்னால் சில்லறை தேடாதே, பெட்பேனை எடு. பொதுக் கழிப்பறைக்கு ஒரு பென்னி போட்டுப் போன காலத்துப் பேச்சு, வயசானவர்கள் இன்னும் விடவில்லை. நாங்கள் காலையில் கேட்கிற மாதிரி ‘மோஷன் போச்சா’ என்று கேட்டுவிடாதே, அங்கே ‘பவல்ஸ் ஓப்பன்’ ஆச்சா என்றுதான் கேட்க வேண்டுமாம்.

அப்புறம், ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று உன் வார்டு சிஸ்டரிடம் சொல்லவே சொல்லாதே. இங்கே சின்ன வகுப்பிலிருந்தே கையைத் தூக்கி டவுட் கேட்டுப் பழகிவிட்டோம். அவர்கள் காதில் அது ‘நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை’ என்பது போல விழும். ‘கேன் ஐ ஆஸ்க் சம்திங்’ என்று ஆரம்பி. ஆனால் கேள். கேட்டால் கேவலம் என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதே, சின்னதிலிருந்தே உனக்கு அந்தக் குணம் உண்டு.

உனக்கா இங்கிலீஷ் வராது? ஓ.இ.டி.யில் ரைட்டிங்குக்கு சி பிளஸ் வந்தாலே அங்கத்திய நர்சிங் கவுன்சில் ஒத்துக்கொள்ளும். நீ நாலு பகுதியிலும் பி வாங்கினாய். கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்பா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவள் அம்மாவுக்கு மட்டும் ‘ஓகேம்மா’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்புகிறாய். அதையும் ராத்திரி இரண்டு மணிக்கு. டூட்டியா, தூக்கம் வரவில்லையா?

அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய நீ செய்ய வேண்டிய செய்முறைப் பரீட்சை, அந்த ஆஸ்கி தேதி போன மாதமே வந்து போய்விட்டது. நான் கேட்கவில்லை. அப்பா கேட்கச் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். மேலத்தெருவில் ஒருத்தி லண்டனிலிருந்து லீவில் வந்திருக்கிறாள், பேச்சுவாக்கில் சொன்னாள். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று தடவை எழுதலாமாம். அதில் சில ஸ்டேஷன், அதாவது சில பகுதி மட்டும் போயிருந்தால் அவற்றை மட்டும் திரும்பச் செய்தால் போதுமாம், பணமும் பாதிதானாம். அவளே இரண்டாவது தடவைதான் தேறினாளாம். சும்மா சொன்னேன்.

பணம் வேண்டுமென்றால் சொல், நகை அப்படியே பீரோவில்தான் இருக்கிறது. உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டியதில்லை. குளிரில் வெறும் பிரெட்டைத் தின்றுகொண்டு கிடக்காதே. நார்த்தங்காய் ஊறுகாயும் சம்பாப் பொடியும் அந்த மேலத்தெருப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிறேன், அங்கே போனதும் தபாலில் போட்டுவிடுவாள். வீடியோவில் முகம் காட்டப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம், வெறும் போன் பண்ணு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்கெல்லாம் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா